ஒற்றை எழுத்தில் ஆயிரம் மடங்கு

மின்விசிறியின் வேகம் குறைந்துபோனால் எலக்ட்ரீஷியன் முதலில் சந்தேகப்படுவது கண்டென்சரைத்தான். மேல்மூடியை இறக்கி, அந்த வெள்ளைக் குப்பியை வெளியே எடுத்து, அதில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்ப்பார். பெரும்பாலும் ‘2.5 எம்.எஃப்.டி., 440 வோல்ட்’ என்று இருக்கும். கடையில் ‘இரண்டரை கண்டென்சர்’ என்று கேட்டால் போதும், சரியானதை எடுத்துத் தந்துவிடுவார்கள்.

குப்பியில் உள்ள அந்தப் பெரிய ‘எம்’ மைக்ரோவைக் குறிக்கிறது. இன்றைய சர்வதேச அலகு முறையில், அதாவது எஸ்.ஐ. முறையில், பெரிய எம் என்றால் மெகா. மெகா பத்து லட்சம் மடங்கு. மைக்ரோ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இரண்டுக்கும் நடுவே லட்சம் கோடி மடங்கு இடைவெளி. அச்சிட்டிருப்பதை விதிப்படி படித்தால் அந்தக் குப்பி 2.5 மெகாஃபாரட். நாம் நிற்கும் பூமியையே தனித்த ஒரு மின்கடத்திக் கோளமாக வைத்துக் கணக்கிட்டாலும் அதன் மின்தேக்குதிறன் சுமார் 710 மைக்ரோஃபாரட்தான் வருகிறது. மியூ என்ற கிரேக்க எழுத்து தட்டச்சுப் பொறிகளில் இல்லாத காலத்தில் மைக்ரோவுக்குப் பதிலாக எம் போட்ட பழக்கம், இன்னும் நம் வீட்டுக் கூரையில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

விசிறி விஷயத்தில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. மெகாஃபாரட் கண்டென்சர் என்று ஒன்று கடையில் கிடையாது. ஆனால் அளவை முன்னொட்டுகளின் மொத்தச் சிக்கலும் இந்தச் சின்னக் குப்பியில் இருக்கிறது. முன்னொட்டு என்ன செய்கிறது? எவ்வளவு பெரிய அளவையும், எவ்வளவு சிறிய அளவையும், ஒன்றிலிருந்து ஆயிரத்துக்குள் அடங்கும் ஓர் எண்ணாக மாற்றி நம் கையில் தருகிறது. 0.0000025 என்று எழுதினால் சுழியங்களை எண்ண வேண்டும், 2.5 என்று எழுதினால் எண்ண வேண்டியதில்லை. எண்ணிலிருந்து இறக்கி வைத்த சுமை மறைந்துவிடுவதில்லை. அது பக்கத்தில் நிற்கும் ஒற்றை எழுத்தின் தலையில் ஏறிக்கொள்கிறது. எண்ணில் ஓர் இலக்கம் பிழைத்தால் விடை சற்று விலகும். எழுத்து பிழைத்தால் ஆயிரம் மடங்கு விலகும். இந்த முறையின் வரலாற்றை அந்த எழுத்தின் பக்கம் நின்று பார்த்தால், இதைவிட்டு வேறு வழிகளும் இருந்தன என்பது தெரிகிறது.

பிரெஞ்சுப் புரட்சி அரசு 1793 ஆகஸ்ட் 1 அன்று பிறப்பித்த முதல் அளவைச் சட்டத்தில் டெசி, சென்டி போன்ற ஒட்டுகள் ஏற்கெனவே இருந்தன. ஆனால் ஆயிரம் மடங்கு ஏறும்போதோ இறங்கும்போதோ புதுப் பெயர் தேவைப்பட்டது. இன்றைய கிலோகிராமுக்குக் ‘கிராவ்’ என்று பெயர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் ‘கிராவே’. ஆயிரம் கிராவுக்குப் ‘பார்’. ஆயிரம் மீட்டருக்கு ‘மில்லேர்’. நீளத்துக்கு ஒரு வரிசை, எடைக்கு இன்னொரு வரிசை, கொள்ளளவுக்கு வேறொன்று. பழைய அளவைகளின் குழப்பத்தை ஒழிக்க வந்த சட்டம் புதிய பெயர்க் குவியலைச் சுமந்து வந்தது.

இரண்டு ஆண்டு கழித்து, 1795 ஏப்ரல் 7 அன்று வந்த சட்டம்தான் இன்றைய முறைக்கு அடித்தளம். பிரியூர் என்ற பொறியாளர், தேசியப் பேரவையின் உறுப்பினர், இதற்காக வாதாடியவர்களில் முக்கியமானவர். அலகுகள் ஐந்து: நீளத்துக்கு மீட்டர், நிலப்பரப்புக்கு ஏர், விறகுக்கு ஸ்டேர், கொள்ளளவுக்கு லிட்டர், எடைக்கு கிராம். அவற்றின் முன்னால் சேர்க்க ஏழு ஒட்டுகள். மேலே ஏறுவதற்கு டெக்கா, ஹெக்டோ, கிலோ, மிரியா ஆகிய கிரேக்கச் சொற்கள். கீழே இறங்குவதற்கு டெசி, சென்டி, மில்லி ஆகிய லத்தீன் சொற்கள். இந்தப் பிரிவினை வெறும் அழகுக்காக வந்ததல்ல. பெயரைக் கேட்டதுமே ஏற்றமா இறக்கமா என்று தெரிய வேண்டும் என்பது நோக்கம். ஐந்தையும் ஏழையும் கற்றுக்கொண்ட ஒருவர் முப்பத்தைந்து அளவுகளை மனப்பாடம் செய்யாமலே சொல்லிவிடலாம். எளிமைக்கு இதைவிட நல்ல சான்று அளவை வரலாற்றில் குறைவு.

ஒரு முடிச்சு மட்டும் அப்போதே விழுந்துவிட்டது. கிராம் கையாள முடியாத அளவுக்குச் சிறியது. அதனால் 1799-இல் பிளாட்டினத்தில் செய்து ஆவணக் காப்பகத்தில் வைத்த மூல எடை கிலோகிராமாக இருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை, அடிப்படை அலகுகளில் கிலோகிராம் மட்டும் முன்னொட்டோடு பிறந்ததாக நிற்கிறது. 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலியின் வழியே அதற்குப் புது வரையறை வந்தபோதும் பெயர் மாறவில்லை.

மக்கள் இந்தப் பெயர்களை வரவேற்றார்களா? இல்லை. பத்தடிமான முறையை ஏற்றுக்கொண்டவர்களுக்குக்கூடக் கிரேக்கப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. 1800 நவம்பரில் அரசு ஓர் ஆணை பிறப்பித்து, புதிய அளவுகளைப் பழைய பெயர்களால் அழைக்க அனுமதித்தது. டெசிமீட்டருக்கு ‘உள்ளங்கை’, சென்டிமீட்டருக்கு ‘விரல்’, மில்லிமீட்டருக்குக் ‘கோடு’, கிலோகிராமுக்கு ‘லிவ்ர்’. அதுவும் போதவில்லை. 1812-இல் நெப்போலியன் இன்னும் பின்வாங்கி, அரைக் கிலோவை லிவ்ர் என்றும் இரண்டு மீட்டரை துவாஸ் என்றும் வைத்துக்கொள்ளச் சொன்னார். மெட்ரிக் முறை முழுமையாகக் கட்டாயமானது 1840 ஜனவரி 1 அன்றுதான். இன்றும் பிரெஞ்சுச் சந்தையில் ஒரு லிவ்ர் பழம் கேட்டால் அரைக் கிலோ தருகிறார்கள். ஒரு தலைமுறை கடந்தும் அந்த மக்கள் எதிர்த்தது அளவையைவிட அதற்கு இட்ட பெயரைத்தான் என்று நினைக்கிறேன்.

அந்த 1795 சட்டத்தின் ஒரு துண்டு தமிழ்நாட்டில் ஒவ்வொரு நிலக்காரர் வீட்டிலும் இருக்கிறது. பட்டா நகலை எடுத்துப் பாருங்கள். பரப்பு என்ற கட்டத்துக்குக் கீழே ‘ஹெக் – ஏர்’ என்று இருக்கும். ஒரு ஏக்கர் நிலம் என்றால் அங்கே ஏறக்குறைய ‘0 – 40.50’ என்று பதிவாகியிருக்கும். ஏர் என்பது பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது நூறு சதுர மீட்டர்; நம் கணக்கில் சுமார் இரண்டரை சென்ட். அதற்கு முன்னால் ஹெக்டோ சேர்ந்து ஹெக்டேர். பிரான்சின் விவசாயிகளுக்காக வகுத்த அலகு, நம் தாலுகா அலுவலகப் பதிவேட்டில் உயிரோடு இருக்கிறது. 1956-இல் இந்தியா மெட்ரிக் எடை அளவைச் சட்டத்தை இயற்றியதன் தொடர்ச்சி அது. பேச்சில் மட்டும் யாரும் ஏர் கணக்குச் சொல்வதில்லை. ஏக்கர், சென்ட் என்பார்கள். தஞ்சைப் பக்கம் மா, வேலி, குழி என்பார்கள்.

அந்த மாவையும் வேலியையும் சற்று நின்று பார்க்க வேண்டும். இருபது மா ஒரு வேலி. தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் மா என்பதே இருபதில் ஒன்று. வாய்பாட்டின் அடியில் நிற்கும் முந்திரி 320-இல் ஒன்று. அதற்கும் கீழே போக வேண்டுமானால் நம் கணக்கர்கள் புதுப் பெயர் தேடவில்லை. இருக்கும் பின்னத்தின் முன்னால் ‘கீழ்’ என்று சேர்த்தார்கள். கீழ் சேர்ந்தால் அந்தப் பின்னம் மேலும் 320-இல் ஒரு பங்காகக் குறையும். அரை என்பது இரண்டில் ஒன்று. கீழரை 640-இல் ஒன்று. கீழ்முந்திரி 1,02,400-இல் ஒன்று. இது முன்னொட்டேதான். அதுவும் அடுக்கிக்கொண்டே போகக்கூடிய முன்னொட்டு.

முதலாம் ராஜராஜன் காலத்து நில அளவையைப் பற்றி எழுதிய வரலாற்றாசிரியர்கள், ஒரு வேலியில் 52,428,800,000-இல் ஒரு பங்கு வரை கணக்கில் வந்திருப்பதைக் குறிப்பிடுகிறார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தால் முறை புலப்படும். 320-ஐ நான்கு முறை தன்னோடு பெருக்கி, அதை ஐந்தால் பெருக்கினால் மிகச் சரியாக அந்த எண் வருகிறது. அதாவது நான்கு ‘கீழ்’களுக்கு அடியில் ஒரு நான்மா, நான்மா என்பது ஐந்தில் ஒன்று. இன்று வழக்கிலுள்ள வேலியை, அதாவது சுமார் 6.6 ஏக்கரை, வைத்துப் பார்த்தால் அது ஒரு சதுர மில்லிமீட்டரில் பாதி. அவ்வளவு சிறிய நிலத்தை எவரும் கோல் வைத்து அளந்திருக்க முடியாது. வரிக் கணக்கில் பெருக்கியும் வகுத்தும் வந்த விடையை, மீதி விடாமல் எழுதி வைத்தார்கள். கிலோவும் மில்லியும் பிறப்பதற்கு ஏறக்குறைய எட்டு நூற்றாண்டு முன்பு, ஒரே ஒட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு எவ்வளவு ஆழத்துக்கும் இறங்கலாம் என்று அந்தக் கணக்கர்களுக்குத் தெரிந்திருந்தது. அது பின்னத்தோடு சேரும் ஒட்டு, அலகோடு சேர்வதல்ல. மேலே ஏறவும் அதற்கு வழியில்லை. இருந்தும், பின்னால் வரப்போகும் ஒரு சிக்கலுக்கு அதில் விடை இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தந்தியும் மின்சாரமும் வந்தபோது ஏழு முன்னொட்டுகள் போதாமல் போயின. கடலடித் தந்திக் கம்பிகளின் உறையில் மின்தடை பத்து லட்சக்கணக்கான ஓம்களில் வந்தது. மின்தேக்கிகளின் அளவு ஃபாரடின் பத்து லட்சத்தில் சில பங்குகளாக வந்தது. 1873-இல் பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் குழு மெகா, மைக்ரோ என்ற இரண்டையும் பரிந்துரைத்தது. முன்பு பத்துப் பத்தாக ஏறிய ஏணி, இங்கே ஒரே தாவலில் பத்து லட்சம் ஏறியது.

அதே அறிக்கையில் இன்னொரு யோசனையும் இருந்தது. ஜார்ஜ் ஜான்ஸ்டன் ஸ்டோனி என்ற அயர்லாந்து இயற்பியலாளருடையது அது. பின்னாளில், 1891-இல், எலக்ட்ரானுக்குப் பெயர் வைத்தவரும் அவரே. முன்னொட்டுக்குப் பெயர் எதற்கு, பத்தின் அடுக்கையே சொல்லிவிடலாமே என்றார் ஸ்டோனி. நூறு கோடி கிராமை ‘கிராம்-ஒன்பது’ என்று சொல்லுங்கள். கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கை ‘ஒன்பதாம்-கிராம்’ என்று சொல்லுங்கள். எண் அலகுக்குப் பின்னால் வந்தால் பெருக்கம், வரிசை எண்ணாக முன்னால் வந்தால் வகுத்தல். ஒளியின் அலைநீளத்தைச் சொல்ல ‘பத்தாம்-மீட்டர்’ என்ற வழக்கு சில காலம் புத்தகங்களில் இருந்தது. இன்று நாம் ஆங்ஸ்ட்ராம் என்பது அதைத்தான்.

ஸ்டோனியின் வழி வென்றிருந்தால் மனப்பாடம் செய்ய ஒன்றும் இருந்திருக்காது. முன்னொட்டுகளும் தீர்ந்துபோயிருக்காது, ஏனென்றால் எண்கள் தீராது. அது தோற்றதற்குக் காரணம் எனக்குத் தெரிந்தவரை ஒன்றுதான். ‘மூன்று கிராம்-ஒன்பது’ என்று சொல்லும்போது ஒரே மூச்சில் இரண்டு எண்கள் மோதுகின்றன. எது அளவு, எது அடுக்கு என்று காது தடுமாறும். ‘மூன்று மெகா’ என்பதில் அந்தத் தடுமாற்றம் இல்லை.

இருந்தும் ஸ்டோனியின் கருத்து எழுத்தில் ஓரிடத்தில் பிழைத்துக்கொண்டது. சென்னை ரிச்சி தெருவில் விற்கும் சின்னச் செராமிக் கண்டென்சர்களின் முதுகில் ‘104’ என்று போட்டிருக்கும். நூற்றி நான்கு என்று அதற்குப் பொருள் இல்லை. முதல் இரண்டு இலக்கம் எண், மூன்றாவது பத்தின் அடுக்கு. பத்துக்குப் பின்னால் நான்கு சுழியம், அதாவது 1,00,000 பிகோஃபாரட். அதையே 0.1 மைக்ரோஃபாரட் என்றும் சொல்லலாம். புள்ளியும் இல்லை, மியூவும் இல்லை, பெரிய எழுத்துச் சிறிய எழுத்துக் குழப்பமும் இல்லை.

பிகோ என்ற சொல்லே ஒரு தடைக்குப் பின் நிலைத்தது. வானொலிக் காலத்தில் பிகோஃபாரடை ‘மைக்ரோமைக்ரோஃபாரட்’ என்றுதான் சொன்னார்கள். மில்லிமைக்ரான், கிலோமெகாசைக்கிள் என்றெல்லாம் அடுக்கிச் சொன்ன காலம் அது. 1960-இல் பாரிஸில் கூடிய 11-ஆவது எடை அளவைப் பொது மாநாடு எஸ்.ஐ. முறையை நிறுவியபோது, டெராவிலிருந்து பிகோ வரை பன்னிரண்டு முன்னொட்டுகளை ஏற்றது. மிரியா பட்டியலில் இடம்பெறவில்லை. ஓர் அலகுக்கு ஒரே முன்னொட்டு என்பது எஸ்.ஐ. விதி. அடுக்கும் வழி அதோடு அடைபட்டது. படிக்கும்போது குழப்பம் வரக்கூடாது என்ற நோக்கத்தில் அது நியாயமான முடிவு. ஆனால் அந்த முடிவுக்கு ஒரு விலை இருந்தது: இனி ஒவ்வொரு ஆயிரத்துக்கும் ஒரு புதுப் பெயர் வேண்டும், ஒவ்வொரு பெயருக்கும் வேறெதற்கும் பயன்படாத ஓர் எழுத்து வேண்டும்.

விதி எழுதினாலும் வழக்கு உடனே மாறிவிடுவதில்லை. நீள அலகாக இருந்த மைக்ரானை 1967-இல் மாநாடு ரத்து செய்தது. மைக்ரோமீட்டர் என்றே சொல்ல வேண்டும் என்றது. நம் மளிகைக்கடைக்காரரிடம் கேளுங்கள். பை 50 மைக்ரானா, 75 மைக்ரானா, 120 மைக்ரானா என்று பிளாஸ்டிக் விதிகள் மாறிய ஒவ்வொரு முறையும் அவர் வாயில் இருந்தது மைக்ரான்தான்.

1960-க்குப் பிறகு பெயர்கள் வந்த கதை, எழுத்துகளைத் தேடிய கதை. 1964-இல் ஃபெம்டோ, அட்டோ இரண்டும் வந்தன. டேனிஷ், நார்வே மொழிகளில் பதினைந்து, பதினெட்டு ஆகிய எண்களின் பெயர்கள் அவை. 10⁻¹⁵, 10⁻¹⁸ என்பவற்றின் அடுக்குகள். எண்ணைப் பெயருக்குள் ஒளித்து வைக்கும் ஸ்டோனியின் எண்ணம் வேறு வேடத்தில் திரும்பிவந்தது என்றே சொல்வேன். 1975-இல் பீட்டா, எக்ஸா வந்தன: கிரேக்க ஐந்திலிருந்தும் ஆறிலிருந்தும் ஓர் எழுத்தை நீக்கி எடுத்தவை, ஆயிரத்தின் ஐந்தாம், ஆறாம் அடுக்கு. 1991-இல் ஏழிலிருந்தும் எட்டிலிருந்தும் ஸெட்டா, ஸெப்டோ, யோட்டா, யோக்டோ. ஏழின் முதலெழுத்து எஸ் நொடிக்குப் போய்விட்டது, அதனால் இஸட். எட்டின் முதலெழுத்து ஓ, சுழியத்தோடு குழம்பும்; அதனால் முன்னால் ஒரு ஒய். இப்படிப் பெயரைத் திருத்தித் திருத்தித்தான் எழுத்துக்கு இடம் கண்டார்கள்.

இந்தப் பெயர்களில் சில, அளக்க வேண்டிய பொருள் கைக்கு வருவதற்கு முன்பே காத்திருந்தன. ஃபெம்டோ வந்தது 1964-இல்; வேதிவினையில் பிணைப்புகள் உடைவதை ஃபெம்டோநொடி அளவில் பார்த்ததற்காக அஹ்மத் ஸெவாய்லுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1999-இல். அட்டோ இன்னும் நெடுங்காலம் காத்திருந்தது. 2001-இல் பியேர் அகோஸ்தினியின் குழு 250 அட்டோநொடி நீளமுள்ள ஒளித்துடிப்புகளின் தொடரையும், ஃபெரெங்க் கிராவ்ஸின் குழு 650 அட்டோநொடி நீளமுள்ள தனித் துடிப்பையும் உண்டாக்கி அளந்தன. அந்த ஒளிக்கு அடித்தளமான விளைவை 1980-களிலேயே ஆராயத் தொடங்கியவர் ஆன் லுய்லியே. மூவருக்கும் 2023-இல் நோபல் பரிசு. இயற்பியலாளர் போர் வகுத்த அணு மாதிரிப்படி ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரான் ஒரு சுற்று வர ஏறக்குறைய 150 அட்டோநொடி ஆகிறது. அணுவுக்குள் நடப்பதை அதன் சொந்த வேகத்திலேயே பார்க்க அட்டோ தேவைப்பட்டது. 2020-இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் ஆய்வாளர்கள், ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒளி செல்லும் நேரம் 247 ஸெப்டோநொடி என்று அளந்தார்கள். 1991-இல் வைத்த பெயர் அங்கே வேலைக்கு வந்தது.

எல்லா முன்னொட்டும் எல்லா அலகோடும் பொருள் தருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு யோக்டோமோல் பொருள் என்பது கணக்கில் 0.6 மூலக்கூறு. அப்படி ஒன்று உலகில் இல்லை.

கடைசிச் சேர்க்கை 2022 நவம்பர் 18 அன்று, வெர்சாயில் கூடிய 27-ஆவது மாநாட்டில். ரோன்னா 10²⁷, குவெட்டா 10³⁰, கீழ்ப்பக்கம் ரோன்டோ, குவெக்டோ. முன்மொழிந்தவர் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் பிரவுன். கணினித் தரவு ஆண்டுக்காண்டு பெருகும் வேகத்தில் யோட்டாவைத் தாண்டிய அளவுகள் விரைவில் தேவைப்படும் என்பது காரணம். அதற்குள் பொதுவெளியில் ‘பிரான்டோ’, ‘ஹெல்லா’ என்று பெயர்கள் முளைத்துவிட்டன. ஹெல்லாவுக்காகக் கலிஃபோர்னியாவில் ஒரு மாணவர் 2010-இல் கையெழுத்து இயக்கமே நடத்தினார். பிரவுனின் கவலை நியாயமானது. பிரான்டோவின் பி ஏற்கெனவே பைட்டுக்கும் பெல்லுக்கும் உரியது. ஹெல்லாவின் எச் ஹென்றிக்கு உரியது. வேறெந்த அலகும் முன்னொட்டும் எடுத்துக்கொள்ளாமல் எஞ்சியிருந்த ஆங்கில எழுத்துகள் ஆரும் கியூவும் மட்டுமே என்றார். முதலில் ‘குவெக்கா’ என்றுதான் யோசித்தார். அது போர்த்துகீசிய மொழியில் நாகரிகமற்ற ஒரு சொல்லை ஒத்திருந்ததால் குவெட்டாவாக மாறியது. பூமியின் நிறையை இனி 6 ரோன்னாகிராம் என்று சொல்லலாம். வியாழனின் நிறை 1.9 குவெட்டாகிராம்.

அடுத்த ஆயிரத்துக்கு எழுத்து இல்லை.

எழுத்துப் பற்றாக்குறையை நிபுணர்களின் தனிப்பட்ட கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. மருத்துவமனையில் அது உயிர்ப் பிரச்சினை. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அட்டையைப் பார்த்தால் 25, 50, 100 என்று எண் இருக்கும்; பக்கத்தில் ‘எம்.சி.ஜி.’ என்று இருக்கும். மைக்ரோகிராம் என்று பொருள். 100 மைக்ரோகிராம் என்பது 0.1 மில்லிகிராம். எஸ்.ஐ. விதிப்படி மைக்ரோவுக்கு மியூதான் குறியீடு, எம்.சி.ஜி. என்ற சுருக்கத்துக்கு அங்கே இடமில்லை. ஆனால் அவசரக் கையெழுத்தில் மியூவின் வால் தேய்ந்தால் அது எம் ஆகிவிடும். மைக்ரோகிராம் மில்லிகிராமாகி, மருந்தின் அளவு ஆயிரம் மடங்கு ஏறும். அதனால்தான் அமெரிக்காவின் பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டு நிறுவனம், பிழைக்கு வழிவகுக்கும் சுருக்கங்கள் பட்டியலில் மியூவைச் சேர்த்து, எம்.சி.ஜி. என்று எழுதச் சொல்கிறது.

மைக்ரோகிராமை ஒழித்துவிட்டு மில்லிகிராமிலேயே எழுதினால் என்ன? அப்போது 25 மைக்ரோகிராம் 0.025 ஆகும். புள்ளி மங்கினால் வேறு வகைப் பிழை. ‘1.0’ என்று எழுதுவதைப் பத்து என்று படித்துவிடும் அபாயம் இருப்பதால், முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் சுழியமும் போடவே கூடாது என்று மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்துகிறார்கள். ஆக, புள்ளியின் ஆபத்திலிருந்து காப்பாற்ற முன்னொட்டு வந்தது; முன்னொட்டின் ஆபத்திலிருந்து காப்பாற்ற விதியை மீறிய சுருக்கம் வந்தது. இதில் நான் மருந்தாளுநர்களின் பக்கம். சர்வதேசக் குறியீட்டின் தூய்மையைக் காட்டிலும் மாத்திரை விழுங்குபவரின் நலன் பெரிது. இன்னும் சொன்னால், சுருக்கமே வேண்டாம். கையால் எழுதும் மருந்துச் சீட்டில் மைக்ரோகிராம் என்று முழுச் சொல்லாகவே எழுத வேண்டும். தமிழில் எழுதினாலும் இந்த எச்சரிக்கை பொருந்தும். மி.கி., மை.கி. இரண்டும் ஒரே மகரத்தில் தொடங்குகின்றன. நடுவே இருப்பது ஒரு கொம்பின் வித்தியாசம்தான்.

ஒரே எழுத்துக்கு இரண்டு மதிப்பு என்ற இன்னொரு குழப்பம் கணினியில் நடந்தது. கணினி இரண்டின் அடுக்குகளில் எண்ணும். இரண்டின் பத்தாம் அடுக்கு 1,024. ஆயிரத்துக்கு மிக அருகில் இருந்ததால் தொடக்ககாலப் பொறியாளர்கள் அதையே கிலோ என்றார்கள். கிலோவில் வித்தியாசம் 2.4 விழுக்காடு, பொறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு படி ஏறும்போதும் அது வளர்ந்து, டெராவில் கிட்டத்தட்ட 10 விழுக்காடு ஆகிவிடுகிறது. ஒரு டெராபைட் என்று பெட்டியில் போட்டிருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கணினியில் செருகினால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். தயாரித்தவர் ஏமாற்றவில்லை. அவர் ஆயிரத்தால் பெருக்கினார், மென்பொருள் 1,024-ஆல் வகுக்கிறது. பழைய ஃபிளாப்பியின் 1.44 எம்பி இன்னும் விசித்திரம். அதில் இருந்தது 14,74,560 பைட், 1.44-ஐ ஒரு முறை ஆயிரத்தாலும் ஒரு முறை 1,024-ஆலும் பெருக்கினால்தான் அந்த எண் கிடைக்கும். இதைத் தீர்க்க 1998-இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் கிபி, மெபி என்பன போன்ற தனிப் பெயர்களை வகுத்தது. விதிப்புத்தகத்தில் அவை இருக்கின்றன, கடைத்தெருவுக்கு வரவில்லை.

இனி குவெட்டாவுக்கு மேலே போவது எப்படி? அடுக்கக்கூடாது என்ற விதியைத் தளர்த்தி ‘கிலோகுவெட்டா’ என்று சொல்லலாம். கீழ் சேர்த்த சோழர் காலக் கணக்கரின் வழி அது. ஸ்டோனி காட்டியபடி அடுக்கு எண்ணையே சொல்லலாம். கிரேக்க எழுத்துகளுக்கோ இரட்டை எழுத்துக் குறியீடுகளுக்கோ போகலாம். டெக்காவுக்கு இப்போதே இரண்டு எழுத்து. மூன்றில் அடுக்கும் வழியை நான் விரும்புகிறேன். ஏற்கெனவே தெரிந்த இரண்டு சொற்களால் ஆனதால் அதற்குப் புதிதாக எதையும் கற்க வேண்டாம். அதை மறுத்த விதி, எழுத்துகள் தாராளமாக இருந்த காலத்து விதி.

மிகப் பெரிய அளவுகளோடு அன்றாடம் புழங்கும் வானியலாளர்கள் இந்த வாதத்துக்கே வருவதில்லை. அவர்கள் முன்னொட்டை மாற்றாமல் அலகை மாற்றிக்கொண்டார்கள். விண்மீனின் நிறைக்குச் சூரியனே அலகு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1930-இல் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், அந்தப் பயணத்திலேயே கணக்கிடத் தொடங்கிய வெண்குறுமீன்களின் உச்ச நிறை இன்று 1.4 சூரிய நிறை என்று உலகெங்கும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. கிராமில் சொன்னால் அது ஏறக்குறைய 2,800 குவெட்டாகிராம். பட்டியலின் கடைசி முன்னொட்டைப் போட்ட பிறகும் எண் ஆயிரத்தைத் தாண்டி நிற்கிறது.